பொதிநெய்

தட்டின் விளிம்பில் 110 என்று பச்சையாக எரிந்ததும் துளசிமணி வரிசையைவிட்டு விலகினாள். அடுத்து நின்ற பெரியவரின் தட்டு 140 காட்டியது. அவருக்குப் பின்னால் சீருடையில் நின்ற சிறுமிக்கு 165. அவரவர் எண்ணைப் பார்த்துத் தேர்வில் தேறியவர்களைப் போல முகம் மலர்ந்து மேசைகளுக்குப் போனார்கள். திருப்பூரில் நொய்யல் கரையில் நின்ற அந்த நாற்பது மாடிக் கட்டடத்துக்கு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடிந்தது.

வெண்பொங்கல். மிளகைத் தட்டிப் போட்டு, முந்திரியைச் சிவக்க வறுத்துக் கொட்டியிருந்தார்கள். விரல் வைத்தால் வழுக்கும்போல ஒரு பளபளப்பு. பக்கத்தில் கத்தரிக்காய் கொத்சு. இதற்கு 110 கலோரி என்றால் பழைய காலத்து மனிதர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர்களிடம் எண்தட்டு இருந்ததில்லை. தட்டின் அடியிலிருந்து கிளம்பும் அளவொளி உணவை ஊடுருவிப் பார்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். தட்டு காலியானதும் அந்த எண் மணிக்கட்டில் இருக்கும் கைக்கணியில் போய் ஏறிக்கொள்ளும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

வீட்டில் யாரும் சமைப்பதில்லை. சமைக்க இடமும் இல்லை. எரிவாயு விபத்துகளும் காப்பீட்டுச் சட்டமும் சேர்ந்து அடுக்களை என்ற அறையைக் கட்டட வரைபடத்திலிருந்தே அழித்துவிட்டிருந்தன. ஒவ்வொரு கட்டடத்தின் கீழ்த்தளத்திலும் ஓர் உண்கூடம். மூன்று வேளையும் அங்கேதான். வேலைக்குப் போகிறவர்கள் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். பாக்கு மட்டைப் பெட்டியின் மூடியிலும் எண் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிட்டுப் பெட்டியைக் குப்பைக் குழாயில் போட்டுவிட வேண்டும். மீந்ததை எடுத்து வைக்கும் வழக்கமே போய்விட்டது. வைப்பதற்கு யார் வீட்டிலும் பாத்திரமில்லை.

துளசிமணி முதல் வாயை விழுங்கினாள். ருசி குறைவில்லை. ஆனால் சில வாரங்களாகவே விழுங்கிய பிறகு மேலண்ணத்தில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது. நாக்கால் வழித்தாலும் போகவில்லை. வெந்நீர் குடித்தாலும் போகவில்லை. சுற்றிலும் நூறு வாய்கள் மென்றுகொண்டிருந்தன. அத்தனை உதடுகளும் மினுமினுத்தன. அவள் பார்வையைத் தட்டுக்குத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் கோயம்புத்தூரில் பரிசோதனை முடிவு.

*

துளசிமணிக்கு நாற்பத்தொரு வயது. பின்னலாடை நிறுவனமொன்றில் சாயம் சரியான நிறத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மணமுறிவுக்குப் பிறகு தனியாக இருந்தாள். உறவென்று மிச்சமிருந்தது தங்கை கோகிலா ஒருத்திதான். அந்தக் கோகிலாவின் கல்லீரல் சுருங்கிக் கல்லாகிக்கொண்டிருந்தது.

கோகிலா ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவளில்லை. கைக்கணி வாங்கிய நாளிலிருந்து தன் வரம்பை ஒரு நாளும் தாண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு முப்பத்து நான்கு வயதில் வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, நகத்தால் சொறிந்து சொறிந்து கையெல்லாம் புண். "இப்பல்லாம் இது நிறையப் பேருக்கு வருது, காரணம் தெரியல" என்றார்கள் டாக்டர்கள். யாராவது தன் கல்லீரலில் பாதியை அறுத்துக் கொடுத்தால் பிழைப்பாள். பொருந்தியது அக்காவுக்கு மட்டும்தான். ஆனால் அக்காவின் கல்லீரலில் கொழுப்பு முப்பது சதவீதம் இருந்தது. பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைக்க முடியும்.

"ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு. அதுக்கு மேல ஒரு கலோரி கூடாது. எண்தட்டுல அளந்தது மட்டும்தான் வாய்க்குள்ள போகணும்" என்று டாக்டர் ஷர்மிளா அப்போது சொல்லியிருந்தார். துளசிமணி ஆயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. காலையில் மாடிப்படி, மாலையில் நொய்யல் கரையில் நடை. உடம்பு சொன்னபடி கேட்கும் என்று நம்பிக் காத்திருந்தாள்.

இப்போது டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே துளசிமணியும் கோகிலாவின் கணவன் சென்னியப்பனும்.

"முப்பத்து மூணு" என்றார் டாக்டர்.

"குறைஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டாள் துளசிமணி. 

"இல்லம்மா. ஏறியிருக்கு. இப்ப முப்பத்து மூணு." டாக்டர் அவளுடைய கைக்கணிப் பதிவைத் திறந்தார். பச்சைக் கோடுகள், ஒன்றுகூடப் பிசகாமல். "பதிவு இவ்வளவு சுத்தமா இருக்கு. எண் பொய் சொல்லாது. அப்ப..." அவர் முடிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக அவளுடைய இடுப்பைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஆனால் அந்தப் பார்வை ஈரத்துணி போல மேலே விழுந்தது.

"நான் வேற எதுவும் சாப்பிடலீங்க டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

வெளியே நடையில் வந்ததும் சென்னியப்பன் நின்றான். சத்தம் போடுகிற ஆளில்லை. அன்றும் போடவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க மாப்பிள்ளை."

"குடுக்க மனசில்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க. யாரும் உங்களை வற்புறுத்தல. இப்படி வெளிய ஒண்ணைக் காட்டி மறைவா ஒண்ணைத் தின்னுட்டு... அவளுக்கு நாள் போயிட்டிருக்குதுங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் கோபத்தைக் காணோம். மூடியில்லாத சாக்கடையைக் கடக்கிறவன் மூக்கை லேசாகச் சுருக்குவானே, அப்படி ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. அவன் கண்ணில் அவள் தங்கையின் உயிரைத் தின்று கொழுக்கிறவள்.

கோகிலா படுக்கையில் கண்ணை மூடிக்கிடந்தாள். அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள். "எத்தனைக்கா?" என்று கேட்டாள். துளசிமணி சொன்னாள். பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. சென்னியப்பன் சொன்னதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

*

திரும்பி வரும் வழியில் பழக்கத்துக்கு ஒரு பார்சல் வாங்கினாள். காய்கறிக் குருமா, மூடியில் 95. வீட்டுக்கு வந்து பிரித்தாள். தேங்காய் அரைத்துவிட்ட மணம் எழுந்தது. அவள் தொடவில்லை. பெட்டியைப் பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்தாள்.

தனக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறேனா? உண்கூடத்துக்கு லிஃப்ட்டில் இறங்கிப் போனது நினைவில்லாமல் போய்விடுமா? காலையில் எழுந்ததும் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். வாயை ஊதி முகர்ந்தாள். சோப்பு வாசனைதான். கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். கையில் மாவு போல மடிந்து வந்தது. அந்த மடிப்பு தன்னுடையதாகவே தெரியவில்லை. யாரோ தனக்குத் தெரியாமல் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன மூட்டை போலிருந்தது.

அன்று விடுமுறை. மத்தியானம் துணி காயப்போடப் பால்கனிக் கதவைத் திறந்தாள். முதல் நாள் பெட்டி வெயிலில் கிடந்தது. கெட்டுப்போயிருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை எடுத்தாள்.

நாற்றமே இல்லை. முதலில் அதுதான் உறைத்தது. குருமாவும் கண்ணில் படவில்லை. பெட்டியின் விளிம்புவரை மஞ்சள் கலந்த எண்ணெய் தளும்பி நின்றது. அடியில் எங்கோ கேரட்டும் பட்டாணியும் மங்கலாகத் தெரிந்தன. நேற்று கையில் வாங்கியபோது அது தண்ணீராக ஓடிய குருமா. நிழலில் எடுத்து வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே வெள்ளை ஆடை படர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இறுகியது. விரலால் அழுத்தினாள். மெழுகுவத்தியை அழுத்துவது போல விரல் மெதுவாகப் புதைந்தது. எடுத்தபோது குழி அப்படியே நின்றது, நகத்தின் தடமும் கூட.

சோப்புப் போட்டுக் கழுவினாள். போகவில்லை. சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு விரலிடுக்கில் ஒட்டியது. மேலண்ணத்தில் நிற்கும் படலம் நினைவுக்கு வந்தது. டாக்டர் அளவு சொன்ன நாளிலிருந்து இரண்டு மாதமாக மூன்று வேளையும் இதைத்தான் தின்றிருக்கிறாள். குளியலறைத் தரையில் மண்டியிட்டு வாந்தியெடுத்தாள். காலையில் தின்றது வந்தது. அது இன்னும் வெறும் இட்லியாகத்தான் இருந்தது. அதற்குள் ஒளிந்திருப்பது வெளிவர நேரமாகவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

*

உண்கூடத்தின் மேலாளர் ஜோதிலிங்கம் நெற்றியில் திருநீறும் மடிப்புக் கலையாத சட்டையுமாக எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். பெட்டியை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இது என்னதுங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். திடுக்கிடவில்லை. "வெயில்ல வெச்சிட்டீங்களா? இரண்டு மணி நேரத்துல சாப்பிடோணும்னு மூடியிலயே போட்டிருக்குதே அம்மா."

"தொண்ணூத்தஞ்சுன்னும் போட்டிருக்குது. இதுல இருக்கறது தொண்ணூத்தஞ்சுங்களா?"

"உக்காருங்க" என்றார். ஒரு வாடிக்கையாளருக்குச் சீட்டு எப்படி எடுப்பதென்று விளக்குவது போலத்தான் சொன்னார். "அளவொளி பாக்கறது தட்டுல என்ன பொருள் இருக்குதுன்னு. அதுக்கு எத்தனை கலோரின்னு சொல்றது தரவாரியத்தோட அட்டவணை. அங்க ஒரு செயற்கைக் குடல் வெச்சிருக்காங்க. உணவை அதுல விட்டு மூணு மணி நேரம் செரிக்க வெப்பாங்க. அதுல எவ்வளவு வெளிய வருதோ, அதுதான் எண். சட்டம் போட்டப்ப மூணு மணி நேரம் போதும்னு நெனச்சாங்க."

"அதுக்கு?"

"இது பொதிநெய். கொழுப்பை உறையில பொதிஞ்சு வர்றது. கண்ணுக்குத் தெரியாத உறை. நாலாவது மணி நேரத்துக்கு மேலதான் பிரியும். அதனால அட்டவணையில இதுக்குப் பூஜ்யம். நாங்க எதையும் மறைக்கலீங்கம்மா. எல்லாக் கூடத்துக்கும் இதுதான் வருது. சட்டப்படி சரி."

"தெரிஞ்சேதான் போடறீங்களா?"

"முன்னால நெசமாவே நூறு கலோரியில பொங்கல் போட்டோம். குழம்பு தண்ணி மாதிரி இருக்குதுன்னு மூஞ்சியில கொட்டாத குறை. ருசி வேணும், எண்ணும் சின்னதா வேணும். ரெண்டும் கேட்டா நான் எங்க போவேன், சொல்லுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "வயிறு நெறைஞ்சு, மனசும் நெறைஞ்சு எந்திரிச்சுப் போறாங்க. அதைக் கெடுத்து என்ன ஆகப்போகுது?"

துளசிமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றாள். சாப்பாட்டு நேரம். "இங்க பாருங்க" என்றாள். "நீங்க தின்னற குருமா இது. ஒரே ஒரு நாள் வெளிய வெச்சது. இதுதான் உங்க வயித்துல போய் இறங்குது."

தலைகள் நிமிர்ந்தன. பெட்டியைப் பார்த்தன. முன்மேசையில் ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "சீ, சாப்பிடற எடத்துல இதென்ன கருமம்! மூடும்மா அதை!"

"கெட்டுப்போனதைக் கொண்டாந்து காட்டறாங்க பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "வாயைக் கட்ட முடியாதவங்க ஊரைக் குத்தம் சொல்லுவாங்க" என்று இன்னொருவர் சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

அவ்வளவுதான். தலைகள் குனிந்துகொண்டன. கரண்டிகள் மறுபடி தட்டில் உரசின. பக்கத்து மேசைக்காரர் தட்டில் அதே குருமாதான். ஒரு பெரிய பூரித் துண்டை அதில் தோய்த்து, வழிகிறதைக் கீழிருந்து நக்கி வாங்கிக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியில் இருந்ததைவிட அந்த நாக்குதான் துளசிமணிக்கு அருவருப்பாக இருந்தது.

டாக்டர் ஷர்மிளாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். மறுமுனையில் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இதையெல்லாம் போன்ல பேச வேண்டாம்மா" என்றார் டாக்டர். "உங்க பதிவுல வெற்றிடம் விழக்கூடாது. அளக்காத சாப்பாடு சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சா உறுப்பு தானக் குழு உங்கள நீக்கிடும். என்னால தடுக்க முடியாது. கொழுப்பு பத்துக்குக் கீழ வரணும். எப்படி வருதுங்கறது எனக்குத் தெரிய வேண்டாம்."

தெரிந்திருக்கிறது. இவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அந்தப் பார்வை பார்த்தாரா? துளசிமணி தொலைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

*

அதன் பிறகு அவள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் பின்னாளிலும் அவளுக்கு உடம்பு கூசும்.

மூன்று வேளையும் வரிசையில் நின்றாள். எண்ணைப் பதியவைத்தாள். ஓரமேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை. ஒரு வாய் எடுத்து மென்று, முகம் துடைக்கிறவள் போலக் கைக்குட்டையில் துப்பினாள். யாரும் பார்க்காத நேரத்தில் தட்டிலிருந்து நேராகப் பைக்குள் வழித்தாள். சூடான சாம்பார் பிளாஸ்டிக் வழியாகத் தொடையைச் சுட்டது. தட்டு காலியானதும் கைக்கணி மணியடித்து வாழ்த்துச் சொன்னது. வெதுவெதுவென்று கனக்கும் பையை, செத்த எலியைத் தூக்கிப் போகிறவள் போல உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டில் ஏறுவாள். பக்கத்தில் நிற்பவர்கள் "சாப்பாடு ஆச்சுங்களா?" என்பார்கள். "ஆச்சுங்க" என்பாள்.

குப்பைக் குழாயில் போட முடியாது. அது எடை பார்க்கும், உணவென்றால் எழுதிவைக்கும். எல்லாவற்றையும் கழிப்பறையில் கொட்டினாள். பதினைந்து நாளில் அது அடைத்துக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டால் அகப்பட்டுக்கொள்வாள். முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு தானே கையை விட்டாள். வெள்ளையும் சாம்பலுமாக, குழாயின் வளைவிலேயே வார்த்தெடுத்தது போல ஒரு கட்டி வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே முழு முந்திரிகள் பதிந்திருந்தன. வெந்நீர் ஊற்றிக் கரைத்துக் கரைத்து அனுப்பினாள். ஒரு வாரம் அந்த வீட்டில் பொங்கல் மணமும் கழிவு நாற்றமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன.

அவளுக்கான உணவு பூஜைச் சாமான் கடையில் கிடைத்தது. சமைக்காத தானியத்தை வேறெங்கும் விற்பதில்லை. சாமிக்கு மட்டும் சட்டம் விதிவிலக்கு அளித்திருந்தது. ஹோமத்துக்கென்று விற்கும் நவதானியப் பொட்டலங்களை வாங்கிவந்து, பச்சைப் பயறையும் கொண்டைக்கடலையையும் பொறுக்கி, தண்ணீர் டம்ளரில் ஊறப்போட்டுத் தின்றாள். அர்ச்சனைத் தட்டுக்கு வைக்கிற வாழைப்பழம், கொய்யா. உப்பில்லை, காரமில்லை. பசி முதல் முறையாக முழு உருவத்தோடு வந்தது. கீழே இருந்து தாளிக்கும் மணம் மேலேறும்போது நாக்கில் நீர் சுரக்கும். அந்த நீரைத் துப்புவாள். தன் நாக்கும் அவர்களுடைய ஆள்தான் என்று தோன்றும்.

இதில் இன்னொன்றும் அவளை அரித்தது. வெளியே ஒன்றைக் காட்டி மறைவில் ஒன்றைத் தின்கிறவள் என்று சென்னியப்பன் சொன்னானே, அது அப்போது பொய். இப்போது எழுத்துக்கு எழுத்து உண்மை.

*

மூன்றாம் பரிசோதனையில் ஏழு வந்தது.

டாக்டர் ஷர்மிளாவைச் சுற்றிப் பயிற்சி மாணவர்கள் நின்றிருந்தார்கள். "பாருங்க, பதிவுல அதே எண்தான். ஆனா இந்தத் தடவை ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்காங்க. கட்டுப்பாடு இருந்தா உடம்பு கேக்கும்" என்று அவர்களிடம் சொன்னார். துளசிமணி அவருடைய கண்களைத் தேடினாள். அவை திரையைவிட்டு அசையவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நடைக்கு அப்பால் கோகிலா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். துளசிமணி தலையாட்டினாள். மாணவர்களில் ஒருத்தி அவளைப் பார்த்துக் கைதட்டினாள்.

அடுத்த வாரமே கத்தி வைத்தார்கள். துளசிமணியின் வலப்பக்கம் நீளக் கிழித்துக் கல்லீரலில் பாதியை எடுத்தார்கள். கோகிலாவின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. நாலாம் நாள் அவள் கண்ணில் வெள்ளை திரும்பியது. படுக்கையிலிருந்து படுக்கைக்கு அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது துளசிமணிக்குப் பட்டதெல்லாம் தகும் என்றுதான் இருந்தது.

சென்னியப்பன் அவள் காலடியில் வந்து நின்று அழுதான். "என்னை மன்னிச்சிருங்க அண்ணி. அன்னிக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நல்ல மனசோடுதான், "முதல்லயே இந்த மாதிரி வாயைக் கட்டியிருந்தீங்கன்னா அவ இத்தனை அவஸ்தைப்பட்டிருக்க மாட்டா. போகட்டும், இப்பவாச்சும் திருந்துனீங்களே" என்றான்.

அவர்கள் கணக்கு துளசிமணிக்குப் புரிந்தது. எண்ணின்படி நடந்தாள், எண் பலித்தது. அப்படியானால் முன்னே அவள் திருட்டுத் தீனி தின்றதும் நிரூபணமாகிவிட்டது. உறவில் எல்லாரும் இனி அப்படித்தான் சொல்வார்கள்.

*

புண் ஆறிக் கோகிலா வீடு திரும்பியதைக் கொண்டாட, அவிநாசி சாலையில் அவர்கள் இருந்த கட்டடத்தின் உண்கூடத்தில் சென்னியப்பன் விருந்துக்குச் சொல்லியிருந்தான். அன்று மத்தியானம் துளசிமணி தங்கையைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பால்கனிப் பெட்டியிலிருந்து நவதானியப் பொட்டலம்வரை. கோகிலா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப என்ற ஈரல் போனதும் இதனாலதானா?"

"வேற எதனால கண்ணு? நீ எதைத் தப்பாத் தின்னே?"

கோகிலா சேலைக்கு மேலாக வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அவருகிட்டச் சொன்னா?"

"நம்பமாட்டாரு. நம்பினாலும் நீ அளக்காத சோறு தின்னா உன்ற மாத்திரையை நிறுத்திருவாங்க. பதிவைப் பாத்துத்தானே மாத்திரை தர்றாங்க. நான் பண்ணின மாதிரிதான் நீயும் பண்ணோணும். வேற வழியில்ல."

"எத்தனை நாளைக்குக்கா?"

துளசிமணி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ராத்திரி நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். மென்னுட்டு என்ற கையில துப்பிரு. நான் பாத்துக்கறேன்."

கோகிலா சரியென்று தலையசைத்தாள். அக்காவின் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

விருந்துக்கு அரிசிம்பருப்புச் சோறு. கோகிலாவுக்குப் பிடிக்குமென்று சென்னியப்பன் சொல்லிச் செய்யவைத்தது. பூண்டும் சீரகமும் தாளித்து, மேலே நெய் ஊற்றி, அது சோற்றுக்குள் இறங்கி மினுங்கியது. தட்டில் 130 என்று பச்சையாக எரிந்தது. நோயில் விழுந்த நாளிலிருந்து அவள் உப்பில்லாத கஞ்சியைத் தவிர எதையும் கண்டதில்லை. மேசையைச் சுற்றி உறவினர்கள் எல்லாரும் தங்கள் கையை நிறுத்தி அவள் முதல் வாய் எடுப்பதைப் பார்த்திருந்தார்கள்.

கோகிலா பிசைந்து எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

துளசிமணி மேசைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். கைக்குட்டைகூட வைத்துக்கொள்ளவில்லை. தங்கையின் எச்சில் அவளுக்குக் கூசவில்லை. அது கையில் விழட்டும், விழுந்தால் போதும் என்று காத்திருந்தாள். கோகிலா இன்னும் மென்றுகொண்டிருந்தாள். குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்தபடியே அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"பசிக்குதுக்கா" என்றாள் யாருக்கும் கேட்காத குரலில்.

அடுத்த கவளம் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. அதற்கடுத்ததை மெல்லவே இல்லை. நெய் கடைவாயில் வழிந்தது. புறங்கையால் துடைத்து, அந்தப் புறங்கையையும் நக்கினாள். "நல்லாச் சாப்பிடு, நல்லாச் சாப்பிடு" என்று சென்னியப்பன் தழுதழுத்தான். உறவினர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் தட்டுகளில் கைவைத்தார்கள். இன்னும் நான்கு மணி நேரத்தில் அந்த உறைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரிந்தது மெதுவாகப் போய்ப் படியப்போகிற இடம் சில வாரங்கள் முன்புவரை துளசிமணியின் விலாவுக்குள் இருந்தது. பயறும் பழமும் தின்று, கழிப்பறையில் கைவிட்டு, அவள் கழுவிக் கொடுத்தது.

விரிந்திருந்த கையை இழுத்துக்கொண்டாள். அதில் எதுவும் விழுந்திருக்கவில்லை. ஆனாலும் சேலையில் அழுத்தித் துடைத்தாள். தங்கை ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். துளசிமணி திரும்பினாள். ஆனால் அந்த வாயை அவளால் பார்க்க முடியவில்லை.